ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும் அக்கா

கடை,
செவ்வாய்க்கிழமை மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் சுகத்தை வாராவாரம் போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். உன் அம்மா சுகமா என்பதை ஒரே வார்த்தையில் எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பயப்படும்படி ஒன்றும் ஆகிவிடவில்லை, இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். சாப்பிடுகிறாள், நடக்கிறாள், போன வாரம் தானே தலை பின்னிக்கொண்டாள், பின்னுவதற்கு முடிதான் குறைவு. காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு வீடு வந்தபிறகு முடி கொட்டுவது வழக்கம்தான், திரும்ப முளைக்கும் என்கிறார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். முயன்றேன். போன புதன்கிழமை கடையிலிருந்து கூப்பிட்டு அங்கே மழையா என்று கேட்டேனே, அது இதைச் சொல்லத்தான். நீ மழையில்லை என்றாய். அதற்கு மேல் எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுத்து உன்னோடு பேசுகிறாளே அந்த அக்கா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் அமர்த்தியிருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருக்கும் அக்கா, அது உன் அம்மா. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வா, மீதி இங்கேயேதான் இருக்கும்.

நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒரு அக்காவை அமர்த்தினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவர் இருந்தார், நல்ல மனுஷி, சத்தமில்லாமல் வேலை செய்வார். பிறகு அவர் மகளுக்குப் பிரசவம் என்று போனவர் பேரப்பிள்ளையைப் பார்த்ததும் திரும்பி வரவில்லை. இதை உன்னிடம் சொல்ல நினைத்திருந்தேன், அதற்குள் அந்த ஞாயிறு வந்துவிட்டது. நான் குளித்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது, அம்மா எடுத்து ஹலோ என்றிருக்கிறாள். நீ, “அக்கா, நான் அவங்க பொண்ணு பேசறேன், அம்மா தூங்கறாங்களா?” என்று கேட்டிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. நீ லீவு போட்டு வந்தபோது அவள் வாயில் குழாயோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள், நீ திரும்பிப் போன பிறகுதான் தொண்டையில் துளை போட்டார்கள், பிறகு மூடினார்கள், அதற்குப் பிறகு வந்த குரலை நீ கேட்டதே இல்லை. குழாயில் தண்ணீர் வருமுன் ஒரு காற்று வருமே, அந்த மாதிரி இருக்கிறது. நான் உடனிருந்து பழகிவிட்டேன். எனக்கே சில சமயம் பக்கத்து அறையிலிருந்து யாரோ ஆண்பிள்ளை கூப்பிடுகிற மாதிரி இருந்து, யாருங்க என்று கேட்டுவிட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு அவள், “ஆமா, தூங்கறாங்க. அப்பா வராரு, குடுக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். ஈரக் கையோடு போனை வாங்கி நானும் மழை வெயில் எல்லாம் பேசிவிட்டு வைத்த பிறகு, “அவளுக்கு என்னைத் தெரியல” என்றாள். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை, பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து வண்டி போயிடுச்சு என்று சொல்வாளே, அந்த மாதிரி. நீ சின்ன வயதில் அந்த ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள், உனக்குத் தெரியும். மைக்கம்மா என்று டிரைவர் முதல் டீக்காரர் வரை கூப்பிடுகிற அளவுக்கு அங்கே அவள் குரல்தான் அவளுக்குப் பெயர். வந்து நிற்பவர் கேட்பதற்கு மட்டும் பதில், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எதிரில் நிற்பது சொந்தத் தம்பியானாலும் மூன்றாவது நடைமேடை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். அந்த வழக்கத்தில்தான் உனக்கும் பதில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம் என்றேன். ஒரு வாரம் போகட்டும், குரல் வந்துடும், அப்புறம் நானே பேசிக்கறேன் என்றாள். குரல் வரவில்லை. நீதான் வாராவாரம் போனில் வந்தாய். அந்த அக்காவோடு உனக்குப் பேச்சும் பழகிவிட்டது. நாலைந்து வாரம் ஆன பிறகு எந்த இடத்தில் நிறுத்தி உண்மையைச் சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நம் போனில் முகம் தெரியாது என்பது அவளுக்குப் பெரிய வசதி. நீ அனுப்பிய புதுப் போன் அலமாரியில் பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது, சார்ஜர் பொருந்தவில்லை என்று நான் சொன்னது மட்டும் பொய்தான்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது, அதைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அம்மா யாரிடமும் எதையும் சொல்வதில்லை. சொல்ல விடுவதும் இல்லை யாரும். உன் மாமா வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, “பொழைச்சு வந்ததே பெரிசுக்கா, வேற என்ன வேணும்” என்று ஆரம்பித்துவிடுவான். கால் வலிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள் அதைக் கேட்டதும் டீ போடட்டுமா என்று கேட்பாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து நுரையீரல் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு என்றார், எப்படி இருக்கீங்க என்றார், நல்லா இருக்கேன் என்றாள், முடிந்தது, அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், வாய் கொஞ்சம் அதிகம். உயிரைக் காப்பாத்தறது ஒரு டிபார்ட்மெண்ட் அங்கிள், காப்பாத்தின உயிர் எப்படி வாழுதுன்னு பார்க்கறது இன்னொரு டிபார்ட்மெண்ட், அந்தக் கட்டடம் இன்னும் கட்டல என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

ஆனால் நீ அந்த அக்காவிடம் அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டால் மட்டும் அவள் சொல்கிறாள். தன்னைப் பற்றித்தான், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல. பக்கத்து அறையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு நானும் கேட்கிறேன். என் மனைவியைப் பற்றி எனக்கு இப்போது அந்த வழியாகத்தான் தெரிய வருகிறது. ஒரு ஞாயிறு உன்னிடம் சொன்னாளே, “அந்த அம்மாவுக்குக் குளிக்கப் பயம். தலையில தண்ணி விழுந்தா மூச்சு நின்னுடும்னு நெனைக்கறாங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லல, சொன்னா அவரும் உள்ள வந்து நிப்பாரு” என்று. அதுவரை எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து அவள் குளிக்கும்போது குளியலறைக் கதவு வெளிக்கொண்டியின் திருகாணியைக் கழற்றி மாட்டிக்கொண்டு நிற்கிறேன். என்ன பண்றீங்க என்று உள்ளிருந்து கேட்பாள், கொண்டி லூசா இருக்கு என்பேன். வீட்டில் வேறெந்தக் கொண்டியும் இத்தனை நன்றாக இல்லை.

பக்கத்துக் கட்டில்காரர் விஷயமும் அப்படித்தான் தெரிந்தது. ஐ.சி.யூ.வில் இருந்தவரை அவள் தான் பஸ் நிலையத்தில் இருப்பதாகவே நினைத்திருக்கிறாள். இயந்திரங்கள் டிங் டிங் என்று அடிப்பதெல்லாம் அறிவிப்புக்கு முன்னால் அடிக்கும் மணி. வாயில் குழாய், சத்தம் வராது, ஆனாலும் ஒவ்வொரு மணிக்கும் மனதுக்குள் அறிவித்திருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு அறிவிப்புச் செய்திருக்கிறாள், வண்டி புறப்படுகிறது என்று. கொஞ்ச நேரத்தில் கட்டில் காலி. நான் கூப்பிடாம இருந்திருந்தா அவரு போயிருக்க மாட்டாரோன்னு அந்த அம்மா இன்னும் நெனைச்சிட்டிருக்காங்க என்று உன்னிடம் சொன்னாள். நீ அந்த அக்காவுக்குப் பதில் சொன்னாய், மருந்து மயக்கத்துல நிறைய பேருக்கு இப்படி ஆகும், அவங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு பக்குவமா எடுத்துச் சொல்லுங்கக்கா என்று. சொல்றேன் என்றாள். போனை வைத்தாள். அன்று பகலில் ஒரு தூக்கம் தூங்கினாள் பார், எழுப்பி டீ கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாமே இப்படி நல்லபடியாகப் போகவில்லை. நீ ஒரு வாரம் அந்த அக்காவிடம், “எங்கம்மா எப்பவுமே பிடிவாதம்க்கா, நீங்கதான் பொறுத்துக்கணும்” என்று சொன்னாய். “ஆமாம்மா, பிடிவாதம்தான், என்ன பண்றது” என்று அவளும் சொல்லிவிட்டாள். அப்புறம் அன்று முழுக்க எனக்கு அர்ச்சனை, உங்க பொண்ணு என்னைப் பிடிவாதக்காரின்னு சொல்றா, அதுவும் வீட்டு வேலைக்கு வந்த யாரோ ஒருத்திகிட்ட என்று. எந்த ஒருத்தி என்று கேட்கலாமா என்று யோசித்து, கேட்காமல் விட்டேன். என் சமையலைப் பற்றி நீங்கள் இருவரும் பேசிச் சிரித்ததும் என் காதில் விழுந்தது. வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஆனா உப்புன்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியாது என்றாள். டாக்டர்தான் உப்பைக் குறைக்கச் சொன்னார். இருக்கட்டும்.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன். நீ அவளிடம் என்ன கேட்டாய் என்று உனக்கே நினைவிருக்கும். எங்கப்பா நல்லதை மட்டும்தான் சொல்வாரு, நீங்க கூடவே இருக்கறவங்க, எங்கம்மா இனிமே சமாளிச்சுப்பாங்களா மாட்டாங்களா, உண்மையச் சொல்லுங்கக்கா, மாட்டாங்கன்னா வேலைய விட்டுட்டு வந்துடறேன், எனக்கொண்ணும் கஷ்டமில்ல என்றாய். அந்தத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் உன்னை இந்த வருஷம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், நம் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கி இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்தவள் நீ ஒருத்திதான் என்பதும் தெரியும், கஷ்டமில்லை என்று நீ சொன்னதன் எடை அவளுக்குத் தெரியாமல் இல்லை. யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன் என்றாள். நீ, “சரிம்மா” என்று வைத்துவிட்டாய்.

அந்தச் சரிம்மாதான் நம் வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டது. இத்தனை வாரமும் சரிக்கா, வரேங்க்கா, பார்த்துக்குங்கக்கா என்றவள் அன்றைக்கு ஏன் ம்மா என்றாய் என்பது அவள் கேள்வி. காய்கறிக்காரம்மாவையும் பஸ்ஸில் இடம் விடுகிறவளையும் கூடத்தான் நாம் அம்மா என்கிறோம், பொம்பளைங்க எல்லாருக்கும் போடற ம்மாதான் அது என்றேன். அது வேற ம்மா, இது வேற ம்மா என்றாள். எப்படி வேறே என்றால் சொல்லிக் காட்டுகிறாள், சரிம்மா, சரீம்மா, சரி, ம்மா என்று, அந்த உடைந்த குரலில், சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு. ஒரு சொல்லில் இத்தனை கதவுகள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீ கண்டுபிடித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாய் என்றால் இந்தக் கடிதத்தின் முதல் பக்கம் வீண், கண்ணுக்கு வேலை வைத்ததற்கு மன்னித்துக்கொள். வாய் தவறி வந்ததென்றால் பரவாயில்லை, இப்போது தெரிந்துகொண்டாய்.

வருகிற ஞாயிறு அவள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். அந்த அம்மா நல்லா தேறிட்டாங்க, மாடிப்படியெல்லாம் தானே ஏறி இறங்கறாங்க, நீ வேலைய விட வேண்டாம். பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டேன். அவள் மாடிப்படி ஏறுவதில்லை, அதாவது போன ஞாயிறு வரை ஏறியதில்லை. நேற்று திங்கட்கிழமை காலை நான் கடைக்குக் கிளம்பி, டிபன் டப்பாவை மறந்து திரும்பி வந்து பார்த்தால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், நெற்றியெல்லாம் வேர்வை. என்ன இது என்றேன். “ஞாயித்துக்கிழமைக்குள்ள மேல போயிடுவேன். அப்ப நான் சொல்றது பொய்யில்ல” என்றாள். பயிற்சிப் பெண் பிறகு வந்து பார்த்துவிட்டு என்ன மந்திரம் போட்டீங்க அங்கிள் என்கிறாள்.

ஆகவே உள்ளதை நான் எழுதிவிடுகிறேன், இதை வைத்து நீ முடிவு செய். காலையில் நன்றாக இருக்கிறாள், மதியத்துக்கு மேல் கால் சொன்னபடி கேட்பதில்லை. பாட்டில் மூடி திறக்க வராது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று என்னைக் கேட்பாள், சில சமயம் அது எனக்கும் தெரியாது. குரல் நாண் ஒன்று அசையவில்லையாம், அசையலாம் என்கிறார் டாக்டர், அசையாமலும் போகலாம் என்கிறார், இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்கிறார். பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே மைக் இல்லை. குடையும் ஒற்றைச் செருப்புமாய்க் கிடக்கும், நானும் அங்கதான் சேர்த்தி என்று சொன்னாள், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் இருக்கிறேன், உப்பில்லாமல் சமைக்கிறேன், கொண்டியைப் பார்த்துக்கொள்கிறேன். நீ வேலையை விட்டுவிட்டு வந்தால் தன்னால்தான் என்று அவள் அதையும் அந்தக் கட்டில்காரர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். வரவே மாட்டாய் என்றாலும் தாங்க மாட்டாள். லீவு கிடைக்கும்போது வந்து சும்மா இருந்துவிட்டுப் போ என்பது என் யோசனை, நான் சொன்னதாக வேண்டாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும் எனக்காக ஒன்று செய். அவள் அந்தப் பதிலைச் சொன்னதும் நீ அம்மா என்று அழுதுவிடாதே. அழுதால் அவள் உனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள், மறுபடி எல்லாம் மூடிக்கொள்ளும். சண்டை போடு. என்னை இத்தனை நாள் முட்டாளாக்கினியே, உனக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று நன்றாகக் கேள். அவளோடு சண்டை போட இங்கே ஆளில்லை, பாப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் எது சொன்னாலும் எல்லாரும் தலையாட்டுகிறோம். மின்விசிறியை நிறுத்துங்க என்றால் நிறுத்துகிறோம், போடுங்க என்றால் போடுகிறோம். உன் மாமா, எதிர்வாதம் பேசாமல் ஒரு டீ குடிக்காதவன், அவனே தலையாட்டுகிறான். அன்றொரு நாள் காலையில் இன்னிக்கு வியாழன்தானே என்றாள். செவ்வாய். எதற்கு மறுத்துப் பேசி அவளை அலட்ட வேண்டும் என்று நான் ஆமாம் என்றேன். செய்தித்தாளைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாள், அதில் செவ்வாய் என்று இருந்தது. “நான் செத்துட்டேனா?” என்று கேட்டாள். அதற்கு மட்டும் இல்லை என்றேன்.

சண்டையில் உன்னை அவள் சும்மா விடமாட்டாள், திருப்பிப் பேசுவாள். பேசும்போது நடுவில் குரல் நின்றுவிடும், வெறும் காற்றுதான் கேட்கும். லைன் போய்விட்டது என்று ஹலோ ஹலோ என்று கத்தாதே. என்ன சொல்ல வந்தாள் என்று ஊகித்து வாக்கியத்தை நீ முடித்தும் கொடுக்காதே, நாங்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம், செய்யச் செய்ய அவள் பேசுவது குறைகிறது. பேசாமல் இரு. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. மூச்சு திரும்பியதும், விட்ட இடத்திலிருந்து உன்னைத் திட்டி முடிப்பாள்.

முதலாளி வந்துவிட்டார், ஒட்டிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை உன் கைக்குக் கிடைக்கும் என்கிறார் கூரியர்க்காரர். மூக்குக்கண்ணாடியைச் சட்டை முனையால் துடைக்காதே, கீறல் விழும், தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடு. பதில் எழுதுவதானால் கடை விலாசத்துக்கு எழுது. வேளைக்குச் சாப்பிடு. எங்கள் இருவருடைய ஆசியும் உன்னோடு இருக்கும், அம்மாவுடையதை அவளைக் கேட்காமலேயே சேர்த்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அவளிடமே வாங்கிக்கொள்.

இப்படிக்கு
உப்புப் போடத் தெரியாத
உன் அப்பா